வயிற்றுக்கு ஒரு மாத லீவு

அத்தானின் வயிற்றில் ஒரு குழாய் இருந்தது. தொப்புளுக்குக் கீழே, ஒரு பக்கமாக, பென்சிலைவிட மெல்லிசாக, வெள்ளையாக வெளியே தலை நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு கிட்னியும் போன பிறகு அவர் உடம்பில் சேருகிற கழிவுக்கும் தண்ணீருக்கும் அது ஒன்றுதான் வாசல். அதன் வழியாக இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் விடுவோம். சில மணி நேரம் உள்ளே கிடக்கும். வயிற்றுக்கு உள்பக்கம் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறதாம். அது ரத்தத்திலிருந்து அழுக்கையும் மிச்சத் தண்ணீரையும் வடிகட்டி மருந்துத் தண்ணீரோடு சேர்த்துவிடும். அப்புறம் காலிப் பையைத் தரையில் இறக்கி வைத்தால் எல்லாம் வடிந்து வந்துவிடும். அதைக் கழற்றிவிட்டுப் புதுப் பை மாட்டுவோம். ஒரு நாளைக்கு நாலு தடவை.

இதையெல்லாம் தாராவியில் ஒற்றை அறை வீட்டில், அங்கே சொல்கிறபடி கோலியில், செய்தோம். அத்தானைப் பார்க்கிற டாக்டரம்மா முதலில் நம்பவில்லை. மாதுங்காவிலிருந்து நேரில் வந்து பார்த்தார். அக்கா மூலையில் பிளாஸ்டிக் திரை கட்டி, சுவரை டெட்டால் போட்டுத் துடைத்து வைத்திருந்தாள். பை மாற்றும்போது ஃபேனை நிறுத்துவோம், கதவைச் சாத்துவோம், வாயில் துணி கட்டுவோம். டாக்டரம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து எல்லாவற்றையும் பார்த்தார். “எங்க வார்டைவிட இது சுத்தமா இருக்கே” என்றார். அக்கா அதை அந்த வரிசையில் எல்லா வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

அத்தான் செம்பூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். பைகளுக்குக் கம்பெனி பணம் கொடுத்துவிடும். நான் அக்கா வீட்டில் ஒட்டிக்கொண்டவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. மாதுங்கா ஸ்டேஷன் பக்கம் ஒரு பூக்கடையில் மாலை கட்டிக்கொண்டிருந்தேன். பூக் கட்டுகிற விரல் என்பதால் பை மாற்றுகிற வேலை எனக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. காலையிலும் சாயங்காலமும் நான், மற்ற நேரம் அக்கா.

இரண்டு லிட்டர் உள்ளே போனதும் அத்தானின் வயிறு முன்னால் தள்ளும். நான் விடுவேனா?

“எத்தனாம் மாசம் அத்தான்?”

“அத ஒங்க அக்காட்ட கேளுல. அவதான பொறுப்பு.”

“சொல்லுங்க, மாதுங்கால வளையல் வாங்கிட்டு வாரேன். வளைகாப்ப முடிச்சிருவோம்.”

“சவத்து மூதி, மொதல்ல பைய ஒழுங்கா மாட்டு.”

அக்கா திரைக்கு வெளியே நின்று, “எலே, அவுகள ஏம்ல வம்புக்கு இழுக்க?” என்பாள். ஆனால் சிரிப்பாள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் அக்கா புருஷனைக் கேலி செய்வது மச்சினனுக்கு உள்ள உரிமை. திருப்பிக் கொடுப்பது அத்தானுக்கு உள்ள உரிமை. இரண்டு பேரும் அந்த உரிமையை ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

வடிந்த பையை எடை போடுவது என் வேலை. பூக்கடையிலிருந்து ஒரு பழைய ஸ்பிரிங் தராசைக் கொண்டுவந்து கதவு நிலையில் மாட்டியிருந்தேன். உள்ளே விட்டதைவிட வெளியே வருவது கனமாக இருக்க வேண்டும். அந்தக் கூடுதல்தான் அத்தான் குடித்த தண்ணீர். அது வெளியே வந்தால்தான் கால் வீங்காது, நெஞ்சில் நீர் ஏறாது. பையை மாட்டி முள் நின்றதும், உதிரிப்பூ விற்கிற குரலில் சத்தம் போட்டுச் சொல்வேன். “ரெண்டேகால் வாங்க, ரெண்டேகால் போங்க.” பக்கத்துக் கோலி மராட்டிக்காரம்மா நாங்கள் ஏதோ சாராயம் காய்ச்சுகிறோம் என்றுகூடக் கொஞ்ச நாள் நினைத்திருந்தாள்.

போன வருஷம் மழை தொடங்கினபோது முள் ஏற மறுத்தது. விட்ட அளவுதான் வந்தது. பிறகு அதற்கும் குறைந்தது. தராசைத் தட்டினேன், கொக்கியை மாற்றினேன், கடையிலிருந்து எடைக்கல்லைக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தேன். தராசு சரியாக இருந்தது. அத்தானின் கால்தான் வீங்கிக்கொண்டிருந்தது. செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக நின்றது. சயன் ஸ்டேஷன் படிக்கட்டில் பாதியில் நின்று, சினிமா போஸ்டர் பார்ப்பதுபோல் மூச்சு வாங்குவார். டாக்டரம்மா சர்க்கரை அதிகமுள்ள பையைக் கொடுத்தார். கொஞ்ச நாள் முள் ஏறியது. அப்புறம் அதுவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்து டாக்டரம்மா சொன்னார்.

“சவ்வு களைச்சுப் போயிடுத்து. ரெண்டு தடவை இன்ஃபெக்ஷன் வந்துது, ஞாபகம் இருக்கோல்லியோ? அதோட ராப்பகலா சர்க்கரைத் தண்ணியிலயே ஊறிண்டிருக்கு. இந்தத் தண்ணியில இருக்கிற சர்க்கரைதான் உங்க உடம்புத் தண்ணியை இழுக்கறது. இப்போ சவ்வு அந்தச் சர்க்கரையையே சட்டுனு ரத்தத்துக்குள்ள விட்டுடறது. சர்க்கரை போயிடுத்துன்னா தண்ணியை யார் இழுப்பா?”

“அப்ப என்ன செய்யணும்மா?” என்றாள் அக்கா.

“ரெஸ்ட் குடுக்கணும். ஒரு மாசம் வயித்துக்குள்ள மருந்துத் தண்ணி கிடையாது. காலியா காயட்டும். சில பேருக்கு அப்படி விட்டதுல பழைய சக்தி திரும்பியிருக்கு. சில பேருக்குத் திரும்பலை. கியாரண்டி கேக்கப்படாது.”

அந்த ஒரு மாதம் வாரம் இரண்டு தடவை மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அந்த ஊரில் மெஷினில் இடம் கிடைப்பது ரேஷன் கடையில் பாமாயில் கிடைப்பதைவிடக் கஷ்டம். மாற்றுக் கிட்னிக்காக ஒருவர் மெட்ராஸ் போயிருந்தார். அவர் இடம் ஒரு மாதம் காலி. அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு வேறு ஆள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

அத்தான் கேட்டார். “ஒரு மாசத்துல திரும்பலன்னா?”

டாக்டரம்மா பேனாவை மூடினார். “திரும்பணும்” என்றார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். மெஷினும் இல்லாமல் வயிறும் வேலை செய்யாமல் போனால் என்ன ஆகும் என்று மூன்று பேருக்கும் தெரியும். அங்கே நின்றுதான் நான் தீர்மானம் செய்தேன். இந்த ஒரு மாதம் அத்தானின் வயிற்றுக்கு வாட்ச்மேன் நான். எமனே பூ வாங்க வந்தாலும் மத்தியானத்துக்கு மேல் கடையில் இருக்க மாட்டேன். மறுநாள் முதலாளியிடம் காலையில் மட்டும் வருவேன் என்றேன். “மாலை கட்ட ஆள் கிடைக்கும்ல, ஒன்ன மாதிரி வாயடிக்கத்தான் ஆள் கிடைக்காது” என்று விட்டுவிட்டார்.

கடைசிப் பையை வடித்து, குழாயின் வாயில் மூடி போட்டு, வயிற்றோடு சேர்த்துப் பிளாஸ்திரி ஒட்டினார்கள். குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்க வாரம் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் கொஞ்சமாக மருந்து விட்டுக் கழுவுவார்கள். அது தவிர அதை யாரும் தொடக்கூடாது. மெஷினுக்காகத் தோள் எலும்புக்குக் கீழே வேறு ஒரு குழாய் வைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அத்தான் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றார். வயிறு தட்டையாக இருந்தது.

“பிள்ளை பொறந்தாச்சா அத்தான்?”

“பொறந்தாச்சு. ஒன்ன மாதிரி பொறந்துராம இருந்தாச் சரி.”

அன்று மத்தியானம் அவர் குப்புறப் படுத்துத் தூங்கினார். வயிற்றில் இரண்டு லிட்டரைச் சுமந்துகொண்டு இரண்டு வருஷமாக அப்படிப் படுக்க முடிந்ததில்லை. குறட்டை பயங்கரமாக இருந்தது. அக்கா எழுப்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர்தான் பெரிய பாடு. பை இருந்த காலத்தில் ஒரு டம்ளர் கூடக் குடித்தாலும் அடுத்த பை இழுத்துக்கொள்ளும். இப்போது மெஷின் நாள் வரும்வரை குடித்ததெல்லாம் உடம்பிலேயே நிற்கும். அதனால் காலையில் ஒரு சின்ன பாட்டிலை நிரப்பி வைப்போம். மாத்திரைக்கு, டீக்கு, கஞ்சிக்கு எல்லாமே அதிலிருந்துதான். தாராவியில் குழாயடியில் குடத்துக்குக் குடம் முட்டிக்கொண்டு நாங்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவோம். வீட்டுக்குள் ஒரு மனுஷன் குடங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெளியே மழை கொட்டும்.

வாய் கொப்பளிக்கலாம், விழுங்கக் கூடாது. நான் எதிரில் குத்தவைத்து அவருடைய தொண்டையையே பார்ப்பேன்.

“துப்புங்க.”

துப்பினார்.

“தொண்டக்குழி அசஞ்சிச்சே.”

“எச்சிலுல.”

“எச்சிலும் பாட்டில் கணக்குதான் அத்தான்.”

“மாப்ளே, நீ ஜெயிலர் வேலைக்குப் போயிருக்கணும்ல. பூவுக்கு வந்து கெட்டுப் போயிட்ட.”

தாகம் எடுக்கும்போதெல்லாம் என்னைத் திட்டுவது அவருக்கு உதவியாக இருந்தது. எனக்கும் அது சௌகரியம்தான். அவர் வாய் பேசிக்கொண்டிருக்கிறவரை அதில் தண்ணீர் போகாது.

டாக்டரம்மா பழமும் கூடாது என்று சொல்லியிருந்தார். மெஷின் வாரத்தில் இரண்டு நாள்தான். பழத்தில் இருக்கிற ஒரு உப்பு இடையில் ரத்தத்தில் ஏறிவிடுமாம். எங்களுக்கு இது கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது. பை மாட்டிய காலத்தில் அதே டாக்டரம்மா, அந்த உப்பு பையோடு அதிகமாகப் போய்விடுகிறது என்று சொல்லி, தினம் வாழைப்பழம் சாப்பிடச் சொன்னார். அப்போது அத்தான் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போனால் ஒரு இளநீர் குடிக்காமல் வர மாட்டார். சரி, இப்போது பழம் வேண்டாம் என்றால் வேண்டாம். வாழைப்பழம், சாத்துக்குடி, ஆரஞ்சு எதையும் அக்கா வீட்டுக்குள் விடவில்லை.

அந்தச் சமயத்தில் ஊரிலிருந்து அத்தை வந்தாள். அத்தானைப் பெற்றவள். ரயிலில் வந்த களைப்பைக்கூடப் பார்க்காமல் மகன் முகத்தைத் தடவினாள். “எய்யா, நாக்கு வறண்டு கெடக்கே. புள்ளைக்குத் தண்ணி குடுக்காமலா வச்சிருக்கீக?” என்றாள். பாட்டில் கதையை அக்கா பொறுமையாகச் சொன்னாள். அத்தை கேட்டுக்கொண்டாள். மனசு கேட்டுக்கொள்ளவில்லை என்று மூக்குச் சிவந்ததில் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை செம்பூரிலிருந்து கம்பெனிக்காரர்கள் நாலு பேர் பார்க்க வந்தார்கள். வயிற்றுக்கு ரெஸ்ட் என்று கேள்விப்பட்டு, வயிற்றுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று ஒரு குலை இளநீர் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். நான் அப்போது கடையில் இருந்தேன்.

நடந்ததைப் பிறகு அக்கா சொல்லித்தான் தெரியும். யாரும் ஒளித்துச் செய்யவில்லை. அத்தான் காலையிலிருந்து பாட்டிலைத் தொடாமல் வைத்திருந்தார். அந்தத் தண்ணீரை வாசலில் இருந்த செடிக்கு ஊற்றிவிட்டு, அதே பாட்டிலில் அதே அளவுக்கு இளநீரை ஊற்றிக்கொண்டார். அத்தை சீவிக் கொடுத்தாள். அக்கா அளவு சரியா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சரியாக இருந்தது. இளநீரை எங்களில் யார் பழம் என்று சொல்வார்கள்? அது தண்ணீர். தண்ணீருக்கு அளவு உண்டு. அளவு மீறவில்லை. வழுக்கையையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, ரொம்ப நாளைக்கு அப்புறம் நாக்கில் உயிர் வந்தது என்றாராம்.

நான் திரும்பியபோது அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் இளநீர்க் கூடுகள் கிடந்தன.

“என்ன அத்தான், எளநி குடிச்சு எளந்தாரி ஆயிட்டீங்களோ? அக்கா பயப்படுதா.”

பதில் இல்லை.

“அத்தான், கடைல சாமந்தி மீந்து கெடக்கு. மாலை ஒண்ணு கொண்டு வரட்டா, மறுபடியும் கல்யாணத்த வச்சிருவோம்.”

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வாய் ஏதோ சொல்ல வந்தது, வரவில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும், வயிற்றில் இன்ஃபெக்ஷன் வந்து துடித்தபோதும்கூட அவர் என்னைச் சும்மா விட்டதில்லை.

“கால தூக்குங்க.”

தூக்கப் பார்த்தார். கால் தரையை விட்டு வரவில்லை.

முதுகில் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினேன். அக்கா பின்னாலேயே வந்தாள். அத்தை வாசலில் அரிவாளைக் கையில் பிடித்தபடி நின்றாள். எதற்கு அதைப் பிடித்திருக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. டாக்ஸிக்காரர் அத்தான் முகத்தைப் பார்த்துவிட்டு மீட்டரைக்கூடப் போடாமல் கிளப்பினார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர் ஒட்டிக் கிராஃப் எடுத்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்து முகம் மாறினார். கோடு, கூடாரம் அடித்தமாதிரி கூம்பு கூம்பாக ஏறி இறங்கியது. என்ன சாப்பிட்டார் என்று ஹிந்தியில் கேட்டார். அக்கா சொன்னாள். அவர் நர்ஸிடம் இரண்டு ஊசி கேட்டார். அந்த உப்பு ரத்தத்தில் ஏறினால் கை கால் துவளும், அப்புறம் நெஞ்சே நின்றுவிடும் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மெஷின் ரூம் பூட்டியிருந்தது. மெஷின் ஓட்டுகிறவர் ஊருக்கு வெளியே கல்யாண் என்ற இடத்திலிருந்து வர வேண்டும்.

ஊசி போட்டுக்கொண்டே இளம் டாக்டர் அத்தானின் சட்டையைத் தூக்கினார். பிளாஸ்திரி தெரிந்தது.

“பேட் மே நலி ஹை நா? உஸி மே டால் தேங்கே. பேக் லாவோ” என்றார். வயிற்றில்தான் குழாய் தயாராக இருக்கிறதே, அதிலேயே மருந்துத் தண்ணீரை விட்டு அந்த உப்பை எடுத்துவிடலாம் என்கிறார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் பாதி மாதம் காயப் போட்ட வயிறு. அத்தானின் கை மெதுவாக நகர்ந்து வந்து அந்தப் பிளாஸ்திரியை மூடிக்கொண்டது. காலைத் தூக்க முடியாத மனுஷன் கையை எப்படியோ தூக்கிவிட்டார்.

நான் டாக்டருக்கும் கட்டிலுக்கும் நடுவில் போய் நின்று, எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன்.

“சார், இது ரெஸ்ட்ல இருக்கு. டாக்டரம்மா தொடக்கூடாதுன்னு சொல்லிருக்காங்க. அவங்களுக்கு ஒரு போன் போடுங்க. அவங்க விடச் சொன்னா நானே விடுதேன், எனக்கு விடத் தெரியும்.”

“ஆதமி மர் ஜாயேகா, சமஜ்தா ஹை?” என்றார். ஆள் செத்துப்போவான், புரிகிறதா என்று.

“புரியுது சார். போன்.”

என் குரல் எனக்கே வேறு யார் குரல்மாதிரி கேட்டது. அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். நல்ல மனுஷன். ஊசியை நிறுத்தாமல், நர்ஸைப் போன் போடச் சொன்னார். அந்தப் பக்கத்தில் டாக்டரம்மா என்ன கேட்டாரோ, இவர் கூம்பு, கோடு என்று இங்கிலீஷில் ஒப்பித்தார். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

“ஏண்டா, இளநீரா குடுத்தேள்?”

“பாட்டில்ல அளந்து குடுத்தாங்கம்மா.”

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. “கேளு. ஊசி வேலை செய்யும், கொஞ்ச நேரம் தாங்கும். குடிக்க ஒரு பவுடர் குடுப்பா, குடிக்கவை. மெஷின்காரனை நான் வரச் சொல்றேன். கிராஃபைத் திரும்பத் திரும்ப எடுக்கணும். அது இறங்கலைன்னா வயித்தைத் திறந்துடணும். அப்போ நீ குறுக்கே நிக்கப்படாது. தெரியறதா? சவ்வைவிட ஆள் முக்கியம்.”

“நிக்க மாட்டேன்மா.”

அப்புறம் காத்திருந்தோம். தாளை எடுப்பார்கள், இளம் டாக்டர் பார்ப்பார், நான் டாக்டரின் முகத்தைப் பார்ப்பேன். வயிற்றுக்கான பை சுவர் ஆணியில் தொங்கியது. தேவைப்பட்டால் மாட்டுவதற்குத் தயாராகக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அந்தப் பையை நான் எத்தனையோ தடவை மாட்டியிருக்கிறேன். அன்று அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அக்கா அத்தானின் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலாவது தாளோ ஐந்தாவது தாளோ, டாக்டர் அதை முந்தின தாளுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கூடாரம் தாழ்ந்திருந்தது. அவரே போய் அந்தப் பையை ஆணியிலிருந்து எடுத்து உள்ளே கொடுத்தார்.

மெஷின்காரர் நனைந்த சட்டையோடு வந்தார். அத்தானின் ரத்தம் குழாயில் சுற்ற ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அவருடைய கால் விரல் அசைந்தது. பிறகு முட்டி. அக்கா வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அத்தான் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

“மத்தியானம் என்னமோ கேட்டியேல.”

“என்ன கேட்டேன்?”

“எளந்தாரியான்னு.” கொஞ்சம் மூச்சு விட்டார். “நான் எளந்தாரிதான். ஒனக்குத்தான் மூஞ்சி கெழடு தட்டிப் போச்சு. கண்ணாடில போய்ப் பாரு.”

நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை இளநீர்க் கூடுகளை எல்லாம் அப்புறப்படுத்தியிருந்தாள். அழவில்லை. என்னைக் கூப்பிட்டு, “எய்யா, எதெது கூடாதுன்னு எனக்கு வெளங்குத மாதிரி சொல்லு. எங்கூர்ப் பேரு வச்சுச் சொல்லு” என்றாள். சொன்னேன். இளநீர், வாழைப்பழம், பதநீர், முருங்கைக்கீரை, கருப்பட்டிக் காப்பி. ஒவ்வொன்றுக்கும் அவள் முகம் சுருங்கியது. மகனுக்குப் பிடித்ததை எல்லாம் பட்டியல் போட்டதுமாதிரி இருந்தது. கடைசியில், “சரி, நீ கடைக்குப் போ. வாசல நான் பாத்துக்கிடுதேன்” என்றாள்.

அதோடு என் வாட்ச்மேன் வேலை போயிற்று. அத்தை வாசலில் பலகை போட்டு உட்கார்ந்துவிட்டாள். சுனாபட்டியிலிருந்து ஒரு உறவுக்கார மாமா சாத்துக்குடிப் பையோடு வந்தார்.

“யாருக்கு அது?”

“தம்பிக்குத்தான் மதினி.”

“உரிங்க.”

அவர் உரித்தார்.

“தின்னுங்க.”

“நானா?”

“நீங்கதான். தின்னு முடிச்சிட்டு உள்ள போயிப் பாருங்க. கைய நல்லாக் கழுவிட்டுப் போங்க, வாசனகூட எம்புள்ளைக்கு ஆவாது.”

மாமா வாசலில் உட்கார்ந்து ஒரு பை சாத்துக்குடியையும் தின்றார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு சுளைகூடத் தரவில்லை. கம்பெனிக்காரர்கள் மறுபடி வந்தபோது வெறுங்கையோடு வந்தார்கள். வாசலில் அத்தையைப் பார்த்ததும் கைகளை விரித்துக் காட்டிவிட்டு உள்ளே போனார்கள், ஏர்போர்ட்டில் சோதனைக்கு நிற்பதுபோல.

அத்தை இன்னொன்றும் செய்தாள். தனக்கும் ஒரு சின்ன பாட்டில் வைத்துக்கொண்டாள். மகனுக்கு எவ்வளவோ அவளுக்கும் அவ்வளவுதான். அக்கா சண்டை போட்டாள். “ஏளா, அவன் படுத பாட நான் தெரிஞ்சுக்கிட வேண்டாமா?” என்று அத்தை கேட்டாள். இரண்டு நாளில் அவளுக்குத் தலை சுற்றியது. அத்தான் தன் பாட்டிலை எடுத்துக் காட்டி, “நீ தண்ணி குடிக்கலன்னா நான் இத முழுசும் ஒரே மடக்குல குடிச்சிருவேன்” என்று மிரட்டித்தான் அவளைக் குடிக்கவைத்தார்.

மாதம் முடிந்தது. மெட்ராஸ் போனவருடைய இடத்துக்கு வரிசையில் இருந்த ஆள், கடைசி மெஷின் நாளன்றே வந்து எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். முகம் வீங்கியிருந்தது. அவர் மனைவி எங்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். அத்தான் அவரிடம், “நல்ல படுக்கை, பாத்துக்கோங்க, தலைமாட்டுல மட்டும் ஒரு ஸ்பிரிங் குத்தும்” என்றார். இனி அங்கே நமக்கு இடமில்லை என்பதை இதைவிடப் பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் வயிற்றுக் குழாயின் மூடியைத் திறந்தார்கள். நான் கடைத் தராசைத் துணிப்பையில் கொண்டுபோயிருந்தேன். நர்ஸ் அங்கே நல்ல மெஷின் தராசு இருக்கிறது என்றாள். அத்தான், “இருக்கட்டும் சிஸ்டர், எங்களுக்குப் பூத் தராசுதான் கண்ணுக்குப் பழக்கம்” என்றார். சர்க்கரை அதிகமில்லாத பை. இரண்டு லிட்டர் உள்ளே போயிற்று. வயிறு முன்னால் தள்ளியது. நான் வாயைத் திறக்கவில்லை. கேலி செய்தால் கெட்டுவிடுமோ என்று ஒரு பயம். அத்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

மத்தியானம் வரை உள்ளே ஊறவைத்தார்கள். அத்தை வராந்தாவில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அக்கா ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தராசின் கொக்கியைத் துடைத்தேன். துடைத்ததையே திரும்பத் துடைத்தேன்.

பையைக் கீழே இறக்கினார்கள். முதலில் வேகமாக வந்தது, தெளிவாக, வெளிறிய மஞ்சளில். பிறகு மெதுவாக. பிறகு சொட்டுச் சொட்டாக. அத்தான் ஒரு பக்கம் சாய்ந்தார், மறுபக்கம் சாய்ந்தார், எழுந்து உட்கார்ந்தார். நின்றுவிட்டது. டாக்டரம்மா கிளிப்பைப் போட்டார். நான் பையை வாங்கி ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்த தராசில் தொங்கவிட்டேன்.

முள் ஆடியது. எப்போது பையை மாட்டினாலும் ஆடத்தான் செய்யும். அன்று அது நிற்கவே போவதில்லை என்று தோன்றியது. டாக்டரம்மா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு குனிந்தார்.

முள் இரண்டைத் தாண்டி நின்றது. பழைய ரெண்டேகால் இல்லை. ஆனால் தாண்டி நின்றது. டாக்டரம்மா பையைக் கழற்றச் சொல்லி, காலிப் பை ஒன்றைத் தனியாக மாட்டி அதன் எடையைப் பார்த்தார். மறுபடி நிறைந்த பையை மாட்டச் சொன்னார். முள் அதே இடத்தில்தான் வந்து நின்றது.

“இழுக்கறது” என்றார். பிறகு எங்களைப் பார்த்து விரலை உயர்த்தினார். “குதிக்கப்படாது. இன்னும் ஒரு வாரம் பாக்கணும். இனிமே ராத்திரி வயித்துல தண்ணி கிடையாது. பகல்ல மட்டும்தான். ராத்திரி தினம் அதுக்கு லீவு. கடுமையான சர்க்கரைப் பையை நான் சொல்லாம தொடப்படாது.”

“அப்ப ராத்திரி குப்புறப் படுக்கலாமாம்மா?” என்று அக்கா கேட்டாள். டாக்டரம்மாவுக்கு அது ஏன் முக்கியம் என்று புரியவில்லை. “படுக்கட்டுமே” என்றார்.

முள்ளைப் பார்த்து எடையைச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும் என்று வந்தது, வாய் வரவில்லை. நர்ஸ் அடுத்த பையை மாட்டினாள். அத்தானின் வயிறு மெதுவாக மறுபடி முன்னால் வந்தது. அவர் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, என்னையே பார்த்தார். நான் ஏதாவது கேட்பேன் என்று காத்திருந்தார். நான் தராசின் கொக்கியைத் துடைத்தேன்.

கடைசியில் அவரே சொன்னார். “ஏல மாப்ளே, மறுபடியும் மாசமாயிட்டேன். மாதுங்காவுக்குப் போயி வளையல வாங்கிட்டு வா.”

“என்ன வளையல்?” என்றார் டாக்டரம்மா.

வராந்தாவிலிருந்து உள்ளே வந்திருந்த அத்தை டாக்டரம்மாவைத் தனியே கூட்டிக்கொண்டு போய், வளைகாப்புக் கேலியை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.